ஜியோகேச்சிங்: டப்பா தேடப் போகும் இடத்தில் எப்படி நடந்துகொள்வது?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன், கல்லூரி மாணவி. ஒருவர் ஒளித்து வைத்த டப்பாவைப் போனில் வழி பார்த்துத் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டின் ஆப்பைப் போட்டுக்கொண்டு தோழியோடு புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் போனேன். எல்லோரும் எங்களையே பார்த்தார்கள், போலீஸ்காரர் ஒருவர் விசாரித்தார், டப்பா கிடைக்கவில்லை. வேறொரு இடத்தில் கிடைத்த டப்பாவிலிருந்து எண் பொறித்த தகடு ஒன்றை எடுத்து வந்தேன். அதை வைத்துக்கொள்ளலாமா? இந்த விளையாட்டுக்கு என்னதான் முறை? கடலூரில் நாங்களும் ஒரு டப்பா வைக்க முடியுமா?

பதில்:

முதலில் அந்தத் தகடு. அதை வைத்துக்கொள்ளக் கூடாது. ராணுவ வீரர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்வது மாதிரியான தகடும் அதில் ஒரு குறியீடும் இருந்தால் அதற்கு டிராவல் பக் என்று பெயர். அதற்கு எங்கோ ஓர் உரிமையாளர் இருக்கிறார். ‘இது கடலோர ஊர்களாகப் பார்த்துப் போக வேண்டும்’, ‘இந்தியாவைச் சுற்றிவிட்டு வீடு திரும்ப வேண்டும்’ என்பது போல ஓர் இலக்கும் குறித்து வைத்திருப்பார். ஒரு டப்பாவிலிருந்து எடுத்தவர் அடுத்த டப்பாவில் போட வேண்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம். ஆப்பில் குறியீட்டைப் போட்டால் அதன் பக்கம் திறக்கும். எடுத்ததை இன்றே பதிந்துவிடுங்கள். நம் பக்கம் டப்பாக்கள் குறைவு என்பதால் சென்னைக்கோ பெங்களூருக்கோ யாராவது போகும்போது கொடுத்தனுப்பினாலும் சரிதான். தாமதமாகும் போலிருந்தால் உரிமையாளருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு விஷயம் மட்டும்: குறியீடு தெரிகிற மாதிரி போட்டோ போடாதீர்கள். தகட்டைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள் ‘பார்த்தேன்’ என்று பதிந்துகொள்வார்கள்.

டப்பாவில் இருக்கும் மற்ற சாமான்கள் (பொம்மை, சாவிக்கொத்து, வெளிநாட்டு நாணயம்) வேறு கணக்கு. ஒன்றை எடுத்தால் அதே மதிப்பிலோ அதைவிட நல்லதாகவோ ஒன்றை வைக்க வேண்டும். வைக்க எதுவும் இல்லையென்றால் எடுக்காதீர்கள், உள்ளே இருக்கும் லாக் புத்தகத்தில் (கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுதும் நோட்டு) கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வாருங்கள். தின்பண்டம் கூடவே கூடாது. ஒரு கடலை மிட்டாய் போதும், மறுநாள் லாக் புத்தகம் முழுக்க எறும்பு. வாசனைச் சோப்பு, ஊதுபத்தியும் அப்படித்தான். கத்தி, லைட்டர், மாத்திரை, மதுபானம் ஆகியவற்றுக்கும் தடை உண்டு. புதுச்சேரி என்பதால் சொல்லி வைக்கிறேன், குட்டி பாட்டிலும் கூடாது.

இந்த விளையாட்டு பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், விதிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்று அப்போதுதான் புரியும். ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே தொடக்கத்தில் நிறுத்தியது. நூறு மீட்டர் வரை தடுமாறிக்கொண்டிருந்த கருவிகள் ஒரே இரவில் திருந்திவிட்டன. உடனே மே 3 அன்று டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியைப் பாதி புதைத்து, அதில் லாக் புத்தகம், பென்சில், சில புத்தகங்கள், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ் எல்லாம் போட்டு, அந்த இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இணையத்தில் எழுதினார். ‘கொஞ்சம் எடு, கொஞ்சம் வை’ என்பதுதான் அவர் போட்ட விதி. இன்று உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், இன்றைய விதிப்படி அந்த முதல் வாளிக்கே அனுமதி கிடைக்காது. மண்ணில் புதைத்ததும் தப்பு, பீன்ஸ் வைத்ததும் தப்பு.

இனி ஆட்கள் பார்க்கிற விஷயம். வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் ‘யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து எடுங்கள்’ என்று இருக்கும். விளையாட்டில் இல்லாதவர்களை அவர்கள் மகிள் என்பார்கள், மகிள் கண்ணில் படக் கூடாது என்பது அங்கே பெரிய விதி. நம் ஊரில் யாரும் பார்க்காத நேரம் என்று ஒன்று கிடையாது. கடற்கரைச் சாலையில் விடிவதற்கு முன்பே நடைப்பயிற்சிக்காரர்கள் வந்துவிடுகிறார்கள். மத்தியானம் எங்கே கொஞ்சம் நிழல் இருந்தாலும் அங்கே ஒருவர் படுத்திருப்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டிகளை நிறுத்திய பிறகு ஊரே அங்கேதான். இந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒளிந்து ஒளிந்து பார்ப்பவர், பெஞ்சுக்கு அடியில் கையை விட்டுவிட்டுச் சட்டென்று எடுப்பவர், இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிபவர், இவர்கள்மீதுதான் எல்லோர் கண்ணும் விழும். என் கருத்து: இங்கே மறைந்து தேடுவதைவிடச் சாதாரணமாக இருப்பதுதான் முறை. போய் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், போனைப் பாருங்கள், செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் நிதானமாகக் குனியுங்கள். இருவராகப் போனால் ஒருவர் நின்று போட்டோ எடுக்க, மற்றவர் தேடலாம். கூட்டம் அதிகமென்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். டப்பா எங்கேயும் போய்விடாது.

கேட்டால் உண்மையைச் சொல்வதுதான் நல்லது. பாகூர்ப் பக்கம் ஏரிக்கரையில் போனைக் கையில் நீட்டிக்கொண்டு, பத்தடி நடந்து, நின்று, திரும்பி நடந்தால் முதலில் வரும் கேள்வியே “இடம் அளக்குறீங்களா சார்? பிளாட் போடப் போறாங்களா?” என்பதுதான். ‘சும்மா’ என்று பதில் சொன்னால் சந்தேகம் உறுதியாகிவிடும், நிலத்துக்காரருக்குப் போன் போய்விடும். “இல்லண்ணே, இது போன்ல வழி பார்த்துக் கண்டுபிடிக்கிற விளையாட்டு. ஒருத்தர் சின்ன டப்பா வெச்சிருப்பார், நாங்க தேடி எடுத்துப் பேர் எழுதிட்டுத் திரும்ப வெச்சிடுவோம்” என்று சொன்னால் பெரும்பாலும் “இதுக்கு எவ்ளோ குடுப்பாங்க?” என்று கேட்பார்கள். ஒன்றும் கொடுக்க மாட்டார்கள் என்றதும் அவர்களுக்கு ஆர்வம் போய்விடும். சிலர் கூடவே தேட ஆரம்பித்துவிடுவார்கள், அதுவும் நல்லதுதான். டீக்கடைக்காரர் ஒருவருக்கு விஷயம் தெரிந்திருந்தால் அந்த டப்பாவுக்கு ஆயுசு கெட்டி. சிறுவர்கள் மட்டும் எப்படி என்று சொல்ல முடியாது. காட்டிக் கொடுத்தால் காவல் காக்கவும் செய்வார்கள், சாயங்காலத்துக்குள் உடைத்துப் பார்க்கவும் செய்வார்கள். ஆட்டம் முடித்து அவர்கள் வீட்டுக்குப் போகும் வரை காத்திருந்து திருப்பி வையுங்கள்.

போலீஸ் வந்தாலும் இதேதான். சிவப்புத் தொப்பியைப் பார்த்ததும் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடக்கிற தப்பை மட்டும் செய்யாதீர்கள். கையில் இருப்பதைக் கீழே வைத்து, ஆப்பைத் திறந்து அந்த டப்பாவின் பக்கத்தைக் காட்டி, அவர் முன்னாலேயே மூடியைத் திறந்து காட்டுங்கள். பொது இடத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர் இது, அவர் விசாரிப்பது அவர் வேலை. ‘இங்கே வேண்டாம்’ என்றால் விவாதம் செய்யாமல் கிளம்பிவிட்டு, நடந்ததை டப்பா வைத்தவருக்கு எழுதிவிடுங்கள். இடத்தை மாற்ற வேண்டியது அவர் பொறுப்பு. இன்னொன்று, வெளிநாட்டு நண்பர்கள் யாரையாவது கூட்டிப் போகிறீர்கள் என்றால் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளை உரிமம் இல்லாமல் இந்தியாவில் வைத்திருக்கக் கூடாது. மலையேறுபவர்கள் அதைச் சாதாரண ஜிபிஎஸ் என்று நினைத்துப் பையிலேயே வைத்திருப்பார்கள், விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வார்கள். நம் போனே போதும்.

நீங்கள் தேடிய டப்பா கிடைக்காததற்கு அது காணாமல் போனது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஆப் சொன்ன புள்ளிக்கே போனீர்களா, அல்லது எண்களை வேறு வரைபடத்தில் தட்டினீர்களா? ஜியோகேச்சிங்கில் இடத்தைப் பாகையும் தசம நிமிடமுமாக எழுதுவார்கள். கடற்கரைச் சாலை ஏறத்தாழ வடக்கு 11 பாகை 56 நிமிடம், கிழக்கு 79 பாகை 50 நிமிடம். இதையே 11.56, 79.50 என்று தட்டினால் வரைபடம் உங்களை நெய்வேலிப் பக்கம் கொண்டு நிறுத்தும், ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி! 56 நிமிடத்தை 60-ஆல் வகுத்தால்தான் பாகைக் கணக்கு, அதாவது 11.933. நிமிடத்தில் மூன்றாவது தசம இலக்கம் ஒன்று மாறினால் தரையில் இரண்டு மீட்டர்கூட இல்லை, ஆக எழுதுபவர்கள் துல்லியமாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் போனுக்கு அந்தத் துல்லியம் கிடையாது. திறந்த வெளியில் ஐந்து மீட்டர் வரை தள்ளிக் காட்டும், பிரெஞ்சுத் தெருக்களின் உயரமான சுவர்களுக்கு நடுவில் இன்னும் மோசம். அதனால் பத்து மீட்டர் நெருங்கியதும் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள். அம்புக்குறியைத் துரத்திக்கொண்டு வட்டமடிப்பவர்களைத்தான் ஊர் வேடிக்கை பார்க்கிறது. தேடுவதற்கு எவ்வளவு கடினம், போய்ச் சேர எவ்வளவு கடினம் என்று இரண்டுக்கும் 1 முதல் 5 வரை தனித்தனியாக மதிப்பெண் இருக்கும். ஆரம்பத்தில் இரண்டுக்குள் இருப்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். டப்பாவின் அளவையும் பாருங்கள். நானோ என்று போட்டிருந்தால் அது விரல் நுனி அளவுதான், காந்தத்தில் ஒட்டியிருக்கும்.

தேடுகிற சாக்கில் எதையும் கழற்றக் கூடாது, பெயர்க்கக் கூடாது. பழைய வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு நகம் பட்டாலே உதிரும். தெருவிளக்குக் கம்பத்துப் பெட்டி, ஈபி பெட்டி ஆகியவற்றில் கை வைக்கவே வேண்டாம், மழைக்காலத்தில் அது உயிர் போகிற விஷயம். கடற்கரையில் கொட்டியிருக்கும் பாறைகளுக்கு இடையிலும் இறங்க வேண்டாம், பாசி வழுக்கும். ஒரு டப்பாவுக்காக யாராவது வீட்டுக் காம்பவுண்டுக்குள் நுழைய வேண்டியிருந்தால் அது தவறான இடம், திரும்பி வந்துவிடுங்கள். கிடைத்த டப்பாவை எப்படி இருந்ததோ அப்படியே, அதே பக்கம் திருப்பி, அதே கல்லை மூடி வைக்க வேண்டும். ‘இன்னும் நல்லா மறைச்சு வைப்போம்’ என்று இரண்டடி தள்ளி வைத்தால் அடுத்து வருபவர் மணிக்கணக்கில் அலைவார். அவர் ஜெர்மனியிலிருந்து வந்து ஒரே ஒரு நாள் புதுச்சேரியில் தங்குபவராக இருக்கலாம்.

லாக் எழுதுவதில் நம் ஆட்களுக்கு ஒரு சோம்பல் உண்டு. காகிதத்தில் பெயரும் தேதியும் எழுதாமல் ஆப்பில் ‘கண்டுபிடித்தேன்’ என்று பதிந்தால் அது கணக்கில் வராது, டப்பா வைத்தவர் அதை நீக்கிவிடலாம். பென்சில் கொண்டுபோங்கள். ஈரக் காகிதத்தில் பால்பாயிண்ட் எழுதாது, வெயிலில் கிடந்தால் கசியும். ஆப்பில் எழுதும்போது நன்றி என்ற ஒற்றை வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். வைத்தவருக்குக் கிடைக்கிற ஒரே சம்பளம் அந்த நாலு வரிதான். எங்கே இருந்தது என்று போட்டுடைக்காமல், என்ன பார்த்தீர்கள், யார் பேசினார்கள், காகிதம் நனைந்திருக்கிறதா, மூடி சரியாக மூடுகிறதா என்று எழுதுங்கள். கிடைக்கவில்லை என்றால் ‘கிடைக்கவில்லை’ என்றும் பதியுங்கள். இதை நிறையப் பேர் வெட்கப்பட்டுப் பதிவதில்லை. நாலைந்து பேர் வரிசையாக அப்படிப் பதிந்தால்தான் வைத்தவருக்குச் சந்தேகம் வந்து போய்ப் பார்ப்பார். கிடைக்காத எரிச்சலில் தானாக ஒரு புது டப்பாவைப் போட்டுவிட்டு வருகிற பழக்கமும் உண்டு, அதைச் செய்யாதீர்கள். பழையது அங்கேயே இருந்தால் ஒரே இடத்தில் இரண்டாகிவிடும், எது சரியானது என்று யாருக்கும் தெரியாது.

பைக்குள் ஒரு சாக்குப் பை எப்போதும் இருக்கட்டும். போகிற வழியில் குப்பையைப் பொறுக்கி வருவதும் இந்த விளையாட்டின் பழக்கங்களில் ஒன்று. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால் பத்து நிமிடத்தில் பை நிறைந்துவிடும். குப்பை பொறுக்குபவரை யாரும் சந்தேகப்படுவதில்லை, அந்த அனுகூலமும் உண்டு.

கடலூரில் வைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வைக்கலாம். ஆனால் டப்பாவை வாங்குவதற்கு முன் இடம் யாருடையது என்று பாருங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போனாலே தெரியும், தமிழ்நாடு எங்கே முடிகிறது, புதுச்சேரி எங்கே தொடங்குகிறது என்பது ஒரே கோடாக இல்லை. சாலையின் இந்தப் பக்கம் ஓர் அரசு, அந்தப் பக்கம் ஓர் அரசு. அனுமதி கேட்க வேண்டிய அலுவலகமும் அதற்கேற்ப மாறும். அரிக்கமேடு மாதிரித் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் வைக்கவே கூடாது. ரயில் பாதை, துறைமுகம், பள்ளிக்கூடம், அரசு அலுவலகச் சுவர் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். பிச்சாவரம் எல்லோருக்கும் தோன்றும் இடம், ஆனால் அது வனத்துறையின் கையில் இருக்கிறது. அலையாத்தி வேரில் கட்டிய டப்பா அடுத்த வெள்ளத்தில் வெறும் குப்பை. ஒரு டப்பாவுக்கும் இன்னொன்றுக்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பதும் விதி. நம் பக்கம் அது பிரச்சினையே இல்லை, காலி இடம்தான் அதிகம்.

எனக்குக் கடலூரில் பிடித்த யோசனை ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். தேவனாம்பட்டினம் புனித டேவிட் கோட்டையை 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் சேர்த்து என்பதுதான் பேச்சு. நாலா பக்கமும் சுட்டு எல்லை வகுத்தார்கள். குண்டு கிராமங்கள் என்ற பெயர் அப்படி வந்ததுதான். குண்டு சாலை, குண்டு உப்பலவாடி எல்லாம் அந்த நினைவுதான் என்பார்கள். ஒரு புள்ளியை நடுவில் வைத்துத் தூரத்தால் ஊரை அளந்த கதை இதைவிடப் பொருத்தமாக வேறெங்கே கிடைக்கும்? பல கட்டங்களாக அமைக்கிற டப்பா வகை ஒன்று உண்டு. முதல் இடங்களில் டப்பாவே வேண்டாம், அங்குள்ள பெயர்ப் பலகையிலோ கல்வெட்டிலோ உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த புள்ளியைக் கணக்கிட வேண்டும். கடைசி இடத்தில் மட்டும், அனுமதி வாங்கிய ஒரு கடையிலோ நண்பர் வீட்டு வாசலிலோ டப்பா. கோட்டையின் மிச்சத்தில் ஒரு கல்லைக்கூடத் தொடாமல் கதையைச் சொல்லிவிடலாம்.

டப்பாவே இல்லாத இன்னொரு வகை எர்த்கேச். நிலவியல் சிறப்புள்ள இடத்துக்கு வரவழைத்து, பார்த்தால் மட்டுமே பதில் தெரிகிற கேள்விகள் கேட்பது. வானூர் வட்டம் திருவக்கரையில் உள்ள கல்மரப் பூங்கா இதற்காகவே அமைந்தது போலிருக்கும். சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன, அவை கிடக்கும் பாறைக்கு நிலவியலில் பெயரே கடலூர் மணற்கல். உங்கள் ஊர் பெயர்தான். அங்கிருந்து ஒரு சில்லுகூட எடுத்து வரக் கூடாது என்பதை ஆப்பில் உங்கள் எர்த்கேச்சின் பக்கத்தில் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

நிஜ டப்பா வைத்தால் இரண்டு விஷயம் முக்கியம். உள்ளே இருப்பது வெளியிலிருந்து தெரிய வேண்டும், அதாவது நிறமில்லாத, நாலு பக்கமும் கிளிப் போட்டு மூடும் டப்பா. உலோக டப்பா வேண்டவே வேண்டாம், கடற்காற்றில் ஒரே கோடையில் துருவும், பார்ப்பவருக்குப் பயமாகவும் இருக்கும். அப்புறம், உள்ளே தமிழில் ஒரு சீட்டு. வெளிநாட்டிலிருந்து தரவிறக்கிய சீட்டை யாரும் படிக்கப் போவதில்லை. இப்படி எழுதினால் போதும்:

“வணக்கம். இது செல்போன் வழிகாட்டியை வைத்துத் தேடி விளையாடும் ஜியோகேச்சிங் விளையாட்டுக்காக, இடத்துக்காரரின் அனுமதியோடு வைத்த டப்பா. உள்ளே நோட்டும் சில பொம்மைகளும் மட்டுமே இருக்கின்றன. திறந்து பார்க்கலாம், உங்கள் பெயரையும் எழுதலாம். பார்த்த பிறகு மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். இங்கே வைப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் கீழே உள்ள முகவரிக்கு எழுதுங்கள், எடுத்துக்கொள்கிறோம்.”

தொடர்புக்கு இதற்கென்றே ஒரு மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள், சொந்தப் போன் எண்ணை எழுதாதீர்கள்.

உங்கள் டப்பாவை வெளியிடுவதற்கு முன் ஜியோகேச்சிங் தளத்தின் சார்பில் ஒருவர் பரிசீலிப்பார், கேள்வி கேட்பார். பராமரிப்பை யார் பார்ப்பார்கள் என்பது அதில் முக்கியமான கேள்வி. வடகிழக்குப் பருவமழையை மனத்தில் வைத்துக்கொண்டு அதற்குப் பதில் எழுதுங்கள். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையேறியது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. எந்த டப்பாவும் இதைத் தாங்காது. ஐப்பசி பிறந்ததும் தளத்தில் தற்காலிகமாக நிறுத்தி வைத்துவிட்டு டப்பாவை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். பொங்கல் கழிந்து, நோட்டை மாற்றி, மூடியின் ரப்பரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வையுங்கள். வைக்கப் போகிற அன்று ஒரு குச்சியும் கொண்டுபோங்கள். மழை முடிந்த புதரில் கண்ணாடி விரியன் இருக்கும், கையை விடுவதற்கு முன் குச்சியை விடுங்கள்.